மூன்று வாழைப்பழம் என்றால் எந்தப் பழம்?

வீட்டில் ஓடிஜி அடுப்பு வாங்கி வைத்து கேக் சுட்டுக்கொண்டிருக்கும் அன்பர்கள் அனைவருக்கும்,



பழக்கடை முன்னால் நிற்கும்போது நீங்கள் எவ்வளவு கறார் என்று எனக்குத் தெரியும். பூசைக்கென்றால் பூவன், அதிலும் அடிபடாத சீப்பு. கைக்குழந்தைக்கு மசித்து ஊட்ட ஏலக்கியோ மலைப்பழமோ. சிப்ஸுக்கு நேந்திரம், பஜ்ஜிக்கு மொந்தன். சளி பிடித்த பிள்ளைக்குப் பச்சைப்பழம் கொடுக்காதே என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. ரஸ்தாளி கேட்டதற்குக் கடைக்காரர் வேறொன்றைப் பையில் போட்டுவிட்டால், பாதித் தெரு வந்திருந்தாலும் திரும்பிப்போய் மாற்றி வாங்குவீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், சாக்லேட் வாழைப்பழ பிரெட் சுடலாம் என்று இறங்கினால் மட்டும், குறிப்பில் ‘நன்கு பழுத்த வாழைப்பழம் 3’ என்று இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறீர்கள். எந்தப் பழம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதைக் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கேட்காமல் விடுவதன் பலன் என்ன என்பதை நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் குழி விழுகிறது. மேலே வெந்து வெடித்த பிறகும் அடியில் விரற்கடை உயரத்துக்கு ஈரப்பட்டை ஒன்று தங்கிவிடுகிறது. சில நாள் வாயில் சோப்பு ருசி. சில நாள் பழ வாசனையே இல்லை. உடனே ஓடிஜியைத் திட்டுகிறோம், மைதாவைத் திட்டுகிறோம், முட்டை போடாததால்தான் என்று முடிவுகட்டுகிறோம். பழத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த டின்னுக்குள் இருக்கும் பொருள்களில் எடையில் பெரியது பழம். ஈரத்தில் பெரும்பங்கு அதனுடையது. இனிப்பில் ஒரு பங்கும் புளிப்பில் ஒரு பங்கும் அதனுடையவை. அதன் பெயரும் எடையும் தெரியாமல் மற்றதையெல்லாம் கரண்டிக் கணக்கில் அளந்து என்ன பயன்?

‘மூன்று பழம்’ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஈஸ்ட் போடாமல், சோடாவையும் பேக்கிங் பவுடரையும் நம்பி எழும்பும் இந்த வகை பிரெட் அமெரிக்க வீடுகளில் பரவியது 1930களில். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம் அது. கனிந்து குழைந்த பழத்தைக்கூடத் தூக்கிப் போட மனம் வராது. மாவு விற்கும் நிறுவனங்கள் சமையல் புத்தகம் போட்டுத் தங்கள் சரக்குக்கு வழி தேடிக்கொண்டிருந்தன. 1933இல் பில்ஸ்பரி வெளியிட்ட புத்தகத்தில் வாழைப்பழ பிரெட் இடம்பெற்றது. அன்றைக்கு அமெரிக்கக் கடைகளை நிறைத்திருந்த வாழைப்பழம் குரோ மிஷேல் என்ற ஒரே ரகம். பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அரித்துத் தீர்த்த பிறகு, 1950களின் கடைசியிலும் 60களிலும் கேவண்டிஷ் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு ரகம் போய் இன்னொரு ரகம் வந்தது, அவ்வளவுதான். கடையில் இருப்பதே ஒரு ரகம் என்னும்போது பெயர் எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மூன்று என்று எழுதினால் எல்லோர் வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே எடைதான் வரும்.

நம் கதை அப்படியா? உரித்த ஏலக்கி ஒன்று 40 கிராம் இருந்தால் பெரிது. பூவன் அதைவிடக் கொஞ்சம் கூட. பச்சைப்பழம் 120 கிராமைத் தொடும். முற்றிய நேந்திரமும் செவ்வாழையும் அதையும் தாண்டும். மூன்று ஏலக்கி போட்டவருக்கும் மூன்று நேந்திரம் போட்டவருக்கும் ஒரே பிரெட் எப்படி வரும்? எண்ணுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். சிலிக்கான் கரண்டியும் பூப்போட்ட கப்கேக் காகிதமும் வாங்கிய காசில் பாதிகூட ஆகாது. உரித்த பழத்தைத் தராசில் வையுங்கள். தோலோடு நிறுக்க வேண்டாம், தோலின் கனமும் ரகத்துக்கு ரகம் மாறும்.

அடுத்தது, பழுத்திருக்கிறதா என்று பார்க்கும் விதம். ‘தோலில் கரும்புள்ளி விழும்வரை காத்திருக்கவும்’ என்று எல்லாக் குறிப்பும் சொல்லும். அது குளிர் அறையில் எத்திலீன் வாயு காட்டி, சீராக மஞ்சளாக்கி விற்கப்படும் கேவண்டிஷுக்குச் சொன்னது. கேவண்டிஷ் நமக்கும் அந்நியமில்லை. பச்சைப்பழம், மோரிஸ், ரொபஸ்டா என்று நாம் சொல்வதும், தேனி மாவட்டத்தில் சின்னமனூர், கம்பம் பக்கம் திசு வளர்ப்புக் கன்று நட்டு விளைவிக்கிறார்களே, அந்த ஜி9ம் அதே குடும்பந்தான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. ஏறத்தாழ 24 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பழுத்தால் தோலிலுள்ள பச்சையம் முழுதும் சிதையாது. உள்ளே கனிந்து இனித்துக் கிடக்கும், வெளியே பச்சையாகவே நிற்கும். திருச்சி வெயிலில் அதன் தோல் புள்ளி போடட்டும் என்று காத்திருந்தால் பழம் அழுகித்தான் கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே தோல் கறுத்துவிடும். அது குளிரால் தோல் செத்ததன் நிறம், உள்ளே கனிந்ததற்கு அத்தாட்சி ஆகாது. சூடான ஓவனில் வைத்துப் பதினைந்து நிமிடத்தில் கறுக்க வைக்கும் குறுக்குவழியும் ஏறக்குறைய அதே ரகம். காயில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். நன்றாகக் கனிந்த பழத்தில் அது ஓரிரு சதவீதத்துக்கு இறங்கி, மீதியெல்லாம் சர்க்கரையாகியிருக்கும். அந்த மாற்றத்துக்கு நாள் வேண்டும். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழமும் இதில்தான் மாட்டிக்கொள்கிறது. சட்டப்படி அது தடை செய்யப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும், மேலே மஞ்சள் பூசிக்கொண்டு உள்ளே மாவாகவே இருக்கும் அந்தப் பழத்தில் சுட்டால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் வாசனை வராது. எனவே கண்ணை மட்டும் நம்பாதீர்கள். காம்புக்குக் கீழே கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள், அமுங்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோனால் தேன் கலந்த வாசனை வர வேண்டும். புளித்த கள் வாடை அடித்தால் ஒருநாள் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, எந்தப் பழம்? என் ஓட்டு பூவனுக்கு.

குமரி மாவட்டத்துக்காரர்கள் பாளையங்கோடன் என்பார்களே, அதுதான். ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. இலைக்காகவே பூவன் தோட்டம் போடுகிற ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் நான் அதைத் தேர்வதற்குக் காரணம் அதன் புளிப்பு. நன்றாகக் கனிந்த பூவனிலும் இனிப்புக்கு அடியில் ஒரு புளிப்பு தங்கியிருக்கும். சாக்லேட்டின் கசப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே அது சுறுக்கென்று எட்டிப்பார்க்கும்போதுதான் இரண்டாவது துண்டுக்குக் கை போகும். அதோடு, நாம் போடும் ஆப்ப சோடா வேலை செய்ய ஏதேனும் ஓர் அமிலம் தேவை. பூவன் அதில் ஒரு பங்கைக் கையோடு கொண்டுவருகிறது. தோலில் பாதிக்கு மேல் புள்ளி விழுந்து, தோல் மெலிந்து சதையோடு ஒட்டத் தொடங்கியிருக்கும் பதம் சரி. சீப்பிலிருந்து இழுத்தால் காம்போடு வராமல் பழம் மட்டும் கழன்று வரும்.

கற்பூரவள்ளி இனிப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும். சாம்பல் பூத்த கனத்த தோல், உள்ளே பிசுபிசுப்பான சதை. புளிப்பு மிகக் குறைவு. அதை எடுத்தால் குறிப்பில் உள்ள சர்க்கரையில் 30, 40 கிராம் குறைத்துவிட்டு, புளித்த தயிர் இரண்டு கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். பிரமாதமாக வரும். எப்போதாவது பல்லில் சின்ன விதை கடிபடும், அது இந்த ரகத்துக்கு உள்ளது.

ரஸ்தாளி சாப்பிட எவ்வளவு ருசியோ, மசிக்க அவ்வளவு தொல்லை. உரித்து முள்கரண்டியால் அமுக்கிப் பாருங்கள். குழைந்த சதைக்கு நடுவே சுண்டைக்காய் அளவில் வெளுத்த கட்டிகள் விலகி விலகி ஓடும். எத்தனை நாள் பழுக்க வைத்தாலும் அவை கனிவதில்லை. இந்த ரகத்தில் வரும் குறைபாடு அது, விவசாயிகளுக்கும் பெரிய தலைவலி. அந்தக் கட்டி மாவில் போனால் வெந்த பிறகும் பச்சை வாழைக்காய்த் துண்டாகக் கடிபடும். ரஸ்தாளிதான் வீட்டில் இருக்கிறது என்றால் கண்ணறைச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். இல்லையா, உப்பும் நெய்யும் இல்லாமல் அப்படியே உரித்துச் சாப்பிட்டுவிடுங்கள், அதுதான் அதற்கு மரியாதை.

நேந்திரம், குமரியில் ஏத்தன், பழுத்த பிறகும் மாவுச்சத்தை மற்றவற்றைவிடக் கூடுதலாக வைத்திருக்கும். ஈரம் குறைவு. அதைப் போட்டால் மைதாவைக் குறைக்க வேண்டும், பால் சேர்க்க வேண்டும், அப்படியும் பிரெட் கனமாகத்தான் வரும். நெய்யில் வதக்கித் தின்ன வேண்டிய பழத்தை கோகோவில் முக்குவது எனக்குச் சம்மதமில்லை. செவ்வாழையும் அப்படியே. அதன் நிறமும் மெல்லிய வாசனையும் கோகோவுக்கு முன் தாக்குப்பிடிக்காது. விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற பழங்கள், அடங்கிய ஈரமும் தனி மணமும் கொண்டவை. பழனிப் பஞ்சாமிர்தம் பலநாள் கெடாமல் நிற்பதில் அந்த வறண்ட சதைக்கும் பங்குண்டு. அவற்றை வாங்கிவந்து கோகோவில் புதைப்பவரை முருகன் மன்னிக்கலாம், நான் மன்னிக்க மாட்டேன்.

இதெல்லாம் உங்களுக்குப் புதுப் பாடமும் அல்ல. கார்த்திகைக்கு வெல்லப்பாகும் கோதுமை மாவும் கலந்து, கனிந்த பழம் மசித்துப்போட்டு அப்பம் சுட்ட கைகள் உங்களுடையவை. பழம் கூடினால் அப்பம் எண்ணெய் குடிக்கும், நடு வேகாது என்று பாட்டி சொல்லி, கண்ணாலேயே அளந்து போட்டவர்கள். அந்தக் கண்ணை ஓடிஜி முன்னால் ஏன் மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியாதது.

இனி சாக்லேட். இங்கேயும் குறிப்பு நம்மை அரைகுறையாகவே விடுகிறது. ‘கோகோ பவுடர் அரைக் கப்’ என்று இருக்கும். எந்தக் கோகோ? 1828இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பிறகு அந்தப் பொடியைக் காரத்தில் பதப்படுத்தி, புளிப்பைப் போக்கி, நிறத்தைக் கூட்டும் வழியும் அங்கேதான் வந்தது. அன்றுமுதல் சந்தையில் இரண்டு வகை. பதப்படுத்தாத கோகோ வெளிர்பழுப்பு, நாக்கில் புளிக்கும். பதப்படுத்தியது கருஞ்சிவப்பு, கசப்பும் புளிப்பும் அடங்கியது. நம் கடைகளில் நீங்கள் எடுக்கும் டப்பா எந்த வகை என்று முன்பக்கம் சொல்லாது. பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள். அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் அது காரம் சேர்த்த கோகோ.

இதைத் தெரிந்துகொண்டால்தான் சோடா கணக்கு சரியாக வரும். ஆப்ப சோடா ஒரு காரம். அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயு வெளியேறி மாவு எழும்பும். சேர அமிலம் போதாவிட்டால் மிஞ்சிய சோடா உள்ளேயே தங்கி, ஓவன் சூட்டில் சலவைச் சோடாவாக மாறும். நீங்கள் சொன்ன சோப்பு ருசி அதுதான். அதனால் பிரெட்டும் மேலும் கருமையாகத் தெரியும், எனவே ‘சாக்லேட் நன்றாக இறங்கியிருக்கிறது’ என்று நாமும் மகிழ்ந்துபோவோம். புளிக்கும் கோகோவும் பூவனும் என்றால் முக்கால் டீஸ்பூன் ஆப்ப சோடா மட்டும் போதும். காரம் சேர்த்த கோகோ என்றால் சோடாவை அரை டீஸ்பூனாகக் குறைத்து, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் போடுங்கள். இன்னும் கொஞ்சம் எழும்பட்டும் என்று கை தாராளமாகப் போனால், ஓவனில் உயரமாகப் பொங்கி வெளியே எடுத்ததும் நடுவில் உட்கார்ந்துவிடும்.

சாக்லேட் துண்டுகளுக்கு வருகிறேன். பாக்கெட்டில் வரும் சிப்ஸ் பலவும் காம்பவுண்ட் வகை, கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டுத் தாவரக் கொழுப்பு சேர்த்தவை. வெயிலில் உருகாமல் கடையில் நிற்பதற்கு அது வசதி. கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. காம்பவுண்ட் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்கும் கறுப்பு சாக்லேட் பார் ஒன்றை வாங்கி, கத்தியால் பருப்பும் பொடியுமாக நறுக்கிக்கொள்ளுங்கள். பெரிய துண்டு ஆங்காங்கே உருகி நிற்கும், பொடி மாவோடு கலந்துவிடும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக விளையும் கோகோவில் செய்த சாக்லேட் இப்போது கிடைக்கிறது. கோகோ செடி நம் மண்ணுக்கு நேற்று வந்ததல்ல, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1798இலேயே குற்றாலத்தில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் யாருக்கும் இது நினைவிருக்காது.

இப்போது செய்முறை. எட்டு அல்லது ஒன்பது அங்குல நீள டின்னுக்கு அளவு சொல்கிறேன். உரித்த பூவன் 320 கிராம். அதை முள்கரண்டியால் மசியுங்கள், மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் கூழாகி, ஈரம் ஒரே சீராகப் பரவி, பிரெட் பிசுபிசுத்துப்போகும். அதில் நாட்டுச்சர்க்கரை 140 கிராம், எண்ணெய் 90 மில்லி, முட்டை இரண்டு சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். எண்ணெய் என்றால் வாசனையில்லாத சூரியகாந்தியோ, மணக்கும் தேங்காயெண்ணெயோ உங்கள் விருப்பம். கோகோவுக்கும் வாழைக்கும் தேங்காயெண்ணெய் நன்றாகச் சேரும் என்பது என் கட்சி. வெண்ணெய் போட்டால் வாசனை கூடும், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததும் இறுகிப்போயிருக்கும். இன்னொரு பாத்திரத்தில் மைதா 150 கிராம், கோகோ 40 கிராம், மேலே சொன்ன கணக்கில் சோடா (தேவைப்பட்டால் பேக்கிங் பவுடரும்), கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு. இவற்றைச் சல்லடையில் கட்டாயம் சலியுங்கள். கோகோ கட்டி கரண்டிக்கு உடையாது.

இரண்டையும் சேர்த்த பிறகு அவசரம் வேண்டும், பலம் வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைந்த பழக்கத்தில் சுற்றிச் சுற்றி அடிக்கத் தோன்றும். அடித்தால் மைதாவில் பசைத்தன்மை வளர்ந்து, அறுக்கும்போது உள்ளே நீளநீளத் துளை தெரியும், மெல்லும்போது இழுக்கும். கரண்டியை அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். நறுக்கிய சாக்லேட் 120 கிராமில் ஒரு கைப்பிடி ஒதுக்கிவிட்டு மீதியை இரண்டு புரட்டில் கலந்து, பட்டர் பேப்பர் போட்ட டின்னில் ஊற்றி, ஒதுக்கியதை மேலே தூவுங்கள். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தொப்தொப்பென்று விழ வேண்டும். ஒழுகி ஓடினால் பழம் கூடிவிட்டது என்று பொருள், சாக்லேட்டும் அடியில் போய் உட்காரும். இரண்டு கரண்டி மைதா தூவிப் புரட்டிச் சரிசெய்யலாம்.

முட்டை சேர்க்காத வீடுகளில் கெட்டித் தயிர் 120 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் கூடுதலாக. வெட்டும்போது கொஞ்சம் உதிரும், ருசியில் குறையிருக்காது.

ஓடிஜியில் 170 டிகிரி. மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் எரிய, பதினைந்து நிமிடம் முன்பே சூடாக்குங்கள். டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள். நம் வீட்டு ஓடிஜிகள் சிறியவை, எழும்பும் பிரெட்டின் தலைக்கும் மேல் கம்பிக்கும் இடைவெளி நாலு விரல்கூட இருக்காது. கோகோ மாவு கறுப்பு என்பதால் கருகுவதும் தெரியாது. நாற்பது நிமிடத்தில் அலுமினியத் தாள் ஒன்றைத் தளர்வாக மூடிவிடுங்கள். மொத்தம் 55 முதல் 65 நிமிடம் ஆகும். பல்குத்தும் குச்சி இவ்வளவு உயரத்துக்கு எட்டாது, தென்னை ஈர்க்குச்சியைக் கழுவித் துடைத்து நடுவில் அடிவரை குத்துங்கள். ஓரிரு ஈரத்துகள் ஒட்டி வந்தால் சரி, மாவாக வந்தால் இன்னும் பத்து நிமிடம். குச்சியில் பளபளப்பாகக் கறுப்பு ஒட்டியிருந்தால் அது உருகிய சாக்லேட் துண்டாகவும் இருக்கலாம், அரை அங்குலம் தள்ளி மறுபடி குத்திப் பாருங்கள்.

ஓடிஜி இல்லாதவர்கள் குக்கரில் உப்பு பரப்பிச் சுடுகிறீர்கள். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் சுடுகிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் தண்ணீரே இல்லாமல் ஒரு மணிநேரம் காய்வது குக்கருக்கு நல்லதல்ல. அடி கனத்த பழைய அலுமினியப் பாத்திரமும் கனமான மூடியும் இருந்தால் அதுவே போதும், உள்ளே ஸ்டாண்டு போட்டு டின்னை ஏற்றிவையுங்கள். மேலே நிறம் வராது, கோகோ போட்டதில் அந்தக் குறையும் தெரியாது.

சுட்டு எடுத்ததும் வெட்டாதீர்கள். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள் என்று தெரியும், பிஸ்கட் கொடுத்துச் சமாளியுங்கள். பத்து நிமிடத்தில் டின்னிலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் வைத்து, முழுதும் ஆறவிட வேண்டும். சூட்டில் வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும், அதைப் பார்த்துவிட்டு வேகவில்லை என்று நினைப்பீர்கள். மறுநாள் இதன் ருசியே வேறு. ஓரத்து மொறுமொறுப்பு இளகி, ஈரம் சீராகப் பரவி, பழ வாசனை மேலே வந்திருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பூசணம் முதலில் அடிப்பக்கம்தான் வரும், அங்கே யாரும் பார்ப்பதில்லை.

உங்களில் சிலரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ‘மைதா இல்லை, சர்க்கரை இல்லை, சத்தானது’ என்று சொல்லிக் கொடுக்கிறீர்கள், சிலர் அப்படிச் சொல்லியே விற்கவும் செய்கிறீர்கள். கோதுமை மாவில் தாராளமாகச் சுடலாம், அது கூடுதல் ஈரம் குடிக்கும் என்பதால் இரண்டு மூன்று கரண்டி பால் சேர்க்க வேண்டும், கடி கொஞ்சம் கனக்கும், தவிடு மணக்கும், நார்ச்சத்தும் கூடும். அதில் தப்பில்லை. ஆனால் கற்பூரவள்ளி 300 கிராமும் நாட்டுச்சர்க்கரை 100 கிராமும் போட்டுவிட்டு ‘சர்க்கரை இல்லை’ என்று நீரிழிவுக்காரர் தட்டில் இரண்டு துண்டு வைப்பது எந்த ஊர் நியாயம்? வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் சேரும். இது தின்பண்டம். தின்பண்டமாகவே கொடுங்கள், மெல்லிய துண்டாகக் கொடுங்கள்.

விற்கிறவர்களிடம் கூடுதலாக ஒரு வேண்டுகோள். டப்பாவில் ஒட்டும் சீட்டில் எந்தப் பழம் என்று எழுதுங்கள். ‘பூவன் வாழை, கறுப்பு சாக்லேட்’ என்று எழுதிய பெட்டிக்கும் வெறுமனே ‘பனானா பிரெட்’ என்று எழுதியதற்கும் வாங்குபவர் கண்ணில் வித்தியாசம் தெரியும். அண்டை வீட்டுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும்போதும் அப்படியே, பழத்தின் பெயரையும் உரித்த எடையையும் முதல் வரியில் போடுங்கள். மட்டி வாழையில் சுட்டுப் பார்த்த குமரிக்காரர்கள், பேயனில் சுட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள். அந்த இரண்டிலும் நான் இன்னும் கை வைக்கவில்லை.

அன்புடன்,
திருச்சியிலிருந்து உங்களில் ஒருவர்

பின்குறிப்பு: சீப்பு மொத்தமும் ஒரே நாளில் கனிந்துவிட்டால் பதற வேண்டாம். உரித்து, நிறுத்து, 320 கிராம் வீதம் டப்பாக்களில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்து இளகும்போது பழுப்பு நிறத்தில் நீர் விடும். பார்க்க நன்றாக இராது, அதற்காகக் கொட்டிவிடாதீர்கள், இனிப்பும் வாசனையும் அதில்தான் இருக்கின்றன. இன்னொன்று, புது ஓடிஜி வாங்குகிறவர்கள் அதன் வாட் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 1,300 வாட்டுக்கு மேல் போனால் மிக்ஸி செருகும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. கிரைண்டருக்கு மேலே 16 ஆம்பியர் பாயின்ட் இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை முதலில் கூப்பிடுங்கள்.